வெயிலடிக்கும்போது வீட்டுக்குள் வெள்ளம்

வெள்ளம் என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கரை உடைந்த ஆறு, செம்மண் நிறத்தில் சுழித்து ஓடும் தண்ணீர், மிதந்து போகும் கட்டில், மொட்டை மாடியில் நின்று கையசைக்கும் ஜனங்கள்... இப்படித்தானே? இங்கே சொல்லப்போகும் வெள்ளத்தில் இது எதுவுமே கிடையாது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில்கூட அடிக்கும். ஆறு என்று ஒன்று பக்கத்தில் எங்கேயும் இருக்காது. காலையில் எழுந்து டீ போடலாம் என்று சமையலறைக்குள் காலை வைத்தால் 'சளக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். தரைக்கற்களின் இடுக்கிலிருந்து சத்தமே போடாமல் ஊறி மேலே வந்துகொண்டிருக்கிறது.

வாசல் வழியாக வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து வருகிறது!

இதற்கு நிலத்தடி நீர் வெள்ளம் என்று பெயர். நிலத்தடி நீர் கீழே போகிறது, இன்னும் கீழே போகிறது என்ற செய்தியை மட்டுமே படித்துப் பழகியவர்களுக்கு, அது மேலே ஏறி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்றால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் தென் இங்கிலாந்தின் பள்ளத்தாக்குக் கிராமங்கள் பலவற்றில் இது பெரிய தலைவலி. ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர், வில்ட்ஷயர், டார்செட், சசெக்ஸ், கென்ட் என்று அந்தப் பட்டியல் நீளும். பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2015-ல் போட்ட கணக்குப்படி இங்கிலாந்தில் மட்டும் 1,22,000 முதல் 2,90,000 வரை கட்டிடங்கள் இந்த ஆபத்தில் இருக்கின்றன.

ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஹாம்பிள்டன். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 'கிரிக்கெட்டின் தொட்டில்' என்று சொல்வார்களே, அதே ஹாம்ப்ஷயர் கிராமம்தான். 1787-ல் எம்.சி.சி. பிறப்பதற்கு முன்னால் கிரிக்கெட் உலகின் தலைநகரம் லண்டன் அல்ல, இந்தக் குக்கிராமம்தான். 1775-ல் ஹாம்பிள்டன் ஆட்டக்காரர் ஜான் ஸ்மாலுக்கு 'லம்பி' ஸ்டீவன்ஸ் போட்ட பந்துகள் இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே புகுந்து போயும் அவுட் கிடைக்கவில்லை என்பதால்தான் மூன்றாவது ஸ்டம்பே வந்தது என்பார்கள். (அன்றைக்கு அந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருந்தால் இன்றைக்கும் இரண்டு ஸ்டம்புதானோ என்னவோ! :-))

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஹாம்பிள்டன் ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பசுமையான மேட்டு நிலம். நடுவில் பள்ளம். பள்ளத்தின் அடியில் கிராமத்துச் சாலை, அதன் ஓரமாக வீடுகள். பள்ளத்தாக்கு என்றால் நடுவில் ஆறு ஓட வேண்டுமே? இங்கே ஓடாது. ஆறு இருக்கவேண்டிய இடத்தில்தான் சாலை இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்த ஊரின் அடியில் இருப்பது சீமைச்சுண்ணாம்பு. ஆமாம், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற சாக்தான். (இப்போது கடையில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அது வேறு கதை.) பத்து கோடி வருடங்களுக்கு முன்பிருந்து ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன்பு வரை, டைனோசர்கள் திரிந்த காலத்தில், கடலில் மிதந்த நுண்ணிய பாசிகளின் ஓடுகள் அடிமட்டத்தில் படிந்து படிந்து உண்டான பாறை இது. டோவர் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அந்தப் பாறையேதான்.

இந்தப் பாறைக்கு ஒரு வினோத குணம் உண்டு. அதன் கன அளவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெறும் துளைகள்தான். அப்படியானால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துத் தேக்கிவைத்துக் கொள்ளுமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். அந்தத் துளைகள் மகா சின்னவை. உள்ளே போன தண்ணீரை அவை விடவே விடாது. எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். தண்ணீர் சுலபமாகப் போய்வருவது பாறையில் இருக்கும் வெடிப்புகள், கீறல்கள் வழியாக மட்டும்தான். அந்த வெடிப்புகளோ மொத்தப் பாறையில் சுமார் 1 சதவீதம்தான் வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மண்ணும் செடிகொடியும் குடித்தது போக 10 மில்லிமீட்டர் மழைநீர் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். விரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். ஆனால் கீழே அதற்குக் கிடைக்கும் இடம் நூறில் ஒரு பங்குதான். அப்படியானால் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஏறும்? 10 மில்லிமீட்டரின் நூறு மடங்கு. அதாவது 1 மீட்டர்! விரல் நகத்தளவு மழைக்கு இடுப்பளவு ஏற்றம். ஒரு குளிர்காலம் முழுக்க நல்ல மழை என்றால், மேட்டு நிலங்களின் அடியில் நீர்மட்டம் 20, 30 மீட்டர் கூட ஏறுவதுண்டு. பத்து மாடிக் கட்டிடத்தின் உயரத்துக்குத் தண்ணீர் பூமிக்குள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே மேயும் ஆடுகளுக்கு ஒன்றும் தெரியாது.

வருடத்தில் எல்லா மழையும் இப்படிக் கீழே போகாது. கோடையில் பெய்வதைப் புல்லும் மரமும் வெயிலும் பங்கு போட்டுக்கொண்டுவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெய்யும் மழைதான் கணக்கு. அந்த ஆறு மாதமும் மழை விடாமல் பிடித்துக்கொண்டால், ஏற்கெனவே நீர்மட்டம் உயர்ந்திருந்தால், கடைசியில் தண்ணீர் பூமியின் மட்டத்தையே தொட்டுவிடும். முதலில் தொடுவது எங்கே? இருப்பதிலேயே தாழ்வான இடத்தில். பள்ளத்தாக்கின் அடியில். சாலையில். வீட்டில்.

அந்தக் காலத்து ஜனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகளை ஆங்கிலத்தில் 'வின்டர்போர்ன்' என்பார்கள். டார்செட் மாவட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வின்டர்போர்ன் அபாஸ், வின்டர்போர்ன் ஸ்டீப்பிள்டன், வின்டர்போர்ன் ஸ்டிக்லண்ட், வின்டர்போர்ன் கிங்ஸ்டன்... ஊர்ப்பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கென்ட் பக்கம் இதே ஓடைகளுக்கு 'நெயில்போர்ன்' என்று பெயர். யார்க்ஷயரில் 'ஜிப்ஸி'. சில ஊர்களில் 'துயரத் தண்ணீர்' என்றே சொல்வார்களாம். அது ஓடினால் ஊருக்குக் கெடுதல் வரும் என்று ஒரு நம்பிக்கை. அதை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட முடியாது. வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த ஓடை திடீரென்று ஓடினால், அதன் பின்னாலேயே தண்ணீர் வீட்டுத் தரைக்கும் வருகிறது என்றுதானே அர்த்தம்?

இந்த ஊர்களில் சில இடங்களில் வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் பள்ளமும், அதன் மேல் வீட்டுக்கு ஒன்றாகக் குட்டிப் பாலமும் இருக்கும். கோடையில் பார்ப்பவருக்கு, காய்ந்த பள்ளத்துக்கு எதற்குப் பாலம் என்று சிரிப்பு வரும். பத்து வருடம் தொடர்ந்து காய்ந்திருந்தால், நகரத்திலிருந்து வீடு வாங்கிக்கொண்டு வருபவர் அந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடிக் கார் நிறுத்த இடம் பண்ணிவிடுவார். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. பத்து வருடம் வராத தண்ணீர் பதினோராவது வருடம் வரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

தண்ணீர் வரத்தான் செய்தது. மேற்கு சசெக்ஸில் சில்குரோவ் என்ற இடத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 1836-லிருந்து அதன் நீர்மட்டத்தை விடாமல் அளந்து குறித்து வருகிறார்கள். உலகிலேயே மிக நீண்ட நிலத்தடி நீர்ப் பதிவுகளில் அது ஒன்று. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னால் ஆரம்பித்த கணக்கு! 1994 ஜனவரியில் அந்தக் கிணறு நிரம்பித் தரைக்கு மேலே வழிந்தது. அதே சமயம் அந்தப் பகுதியின் லாவன்ட் என்ற ஓடை (கோடையில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் ஓடை அது) பெருகி சிச்செஸ்டர் நகரத்தையே முடக்கியது. அடுத்து 2000-ஆம் வருடத்து இலையுதிர்காலம். இங்கிலாந்து, வேல்ஸ் மழைப்பதிவு 1766-ல் தொடங்கியதிலிருந்து அதுவரை அப்படி ஒரு இலையுதிர்கால மழை பெய்ததில்லை. ஹாம்பிள்டன் மூழ்கியது. 2013-14 குளிர்காலம் அதே போல இன்னொரு சாதனை. புயலுக்குப் பின் புயல். மறுபடி ஹாம்பிள்டன். கிராமத்துச் சாலையே வாய்க்காலாக ஓடியது. இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவில் தண்ணீரைப் போகவிட்டார்கள். ஆறு தன் பழைய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அதோடும் நிற்கவில்லை. 2022 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரையிலான பதினெட்டு மாதங்கள், 1836 முதல் உள்ள பதிவில் இங்கிலாந்து கண்ட மிக ஈரமான பதினெட்டு மாதங்கள். 2024-ன் ஆரம்பத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் மறுபடியும் பம்புச் சத்தம்.

இப்போது ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் அங்கே நிறைய உண்டு. கருங்கல் சில்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய வீடு. ஒரு பெரியவரும் அவர் மனைவியும். பணியிலிருந்து ஓய்வு பெற்று, சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். தண்ணீர் வரப்போகிறது என்ற செய்தி கேட்டதும் பெரியவர் என்ன செய்வார்? எல்லோரும் செய்வதைத்தான். மணல் மூட்டை வாங்கி வந்து வாசலில் அடுக்குவார். கடையில் விற்கும் தடுப்புப் பலகையைக் கதவில் பொருத்துவார்.

இரண்டுமே இங்கே வீண். வீண் மட்டுமல்ல, சமயத்தில் உபத்திரவம். தண்ணீர் உள்ளேயிருந்து ஊறுகிறது. வாசலை அடைத்தால் என்ன ஆகும்? வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது வாசலைப் பூட்டிய கதைதான்.

சரி, தரையையே தண்ணீர் புகாதபடி அடைத்துவிட்டால்? கெட்டியான கான்கிரீட், அதன் மேல் ரப்பர் விரிப்பு, பூச்சு என்று. அதிலும் ஒரு சிக்கல். தண்ணீர் தள்ளும் தள்ளு சாதாரணமில்லை. வெளியே நீர்மட்டம் தரையைவிட அரை மீட்டர் உயரமாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு அரை டன் வீதம் கீழிருந்து மேலே தள்ளும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள ஒரு சின்ன அறைக்கு 6 டன்! ஒரு யானையின் எடை. அந்த யானை தரைக்கு அடியிலிருந்து முதுகால் நெம்புகிறது. பழைய வீட்டின் மெல்லிய தரை என்ன செய்யும்? வெடிக்கும், அல்லது அப்படியே மேலே எழும்பும். அதனால்தான் நிலவறையில் தண்ணீர் நின்றால் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறைத்துக் காலி செய்யாதீர்கள் என்று சொல்கிறார்கள். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் வெளித் தண்ணீரின் தள்ளலுக்கு எதிராகச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுவர் உள்வாங்கிவிடும். வெளியே மட்டம் இறங்க இறங்கத்தான் உள்ளேயும் இறைக்க வேண்டும். கேட்கச் சுலபம். முழங்கால் தண்ணீரில் தன் வீட்டுப் பியானோ நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம்!

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. தண்ணீரைத் தடுக்க நினைக்காமல், அதற்கு ஒரு இடம் காட்டிவிடுவது. வீட்டின் தாழ்வான மூலையில், தரைக்கும் கீழே ஒரு குழி தோண்டுகிறார்கள். தரையின் கீழ் சரளைக்கல்லும் ஓட்டைக் குழாய்களும் போட்டு, ஊறும் தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்கு வரும்படி செய்கிறார்கள். குழிக்குள் ஒரு நீர்மூழ்கி மோட்டார். நம்மூர் மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் நிரம்பினால் மோட்டார் நிற்கும். இங்கே நேர்மாறு, தண்ணீர் ஏறினால் மோட்டார் ஓட ஆரம்பிக்கும். இறைத்த தண்ணீரை வீட்டைவிட்டுத் தூரமாக, ஓடையிலோ வாய்க்காலிலோ விட வேண்டும். தோட்டத்தில் விட்டால் அரை மணி நேரத்தில் அதே தண்ணீர் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வரும். மின்சாரம் போனால்? அதற்கு ஒரு பேட்டரி, அல்லது ஜெனரேட்டர். மோட்டார் பழுதானால்? இன்னொரு மோட்டார். புயல் காலத்தில் மின்சாரம் போவதும் மோட்டார் பழுதாவதும் சேர்ந்தே நடக்கும் என்பது எந்த நாட்டிலும் மாறாத விதி.

இந்த மோட்டாரின் வேலை நீர்மட்டத்தைக் குறைப்பது அல்ல. பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்திருக்கும் தண்ணீரை எந்த மோட்டாராலும் இறைத்து முடிக்க முடியாது. அந்த ஒரு தரையில் அது தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஆற்று வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும். இது வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. பிப்ரவரியில் ஓட ஆரம்பித்த மோட்டார் ஏப்ரல் வரைகூட ஓடும். ராத்திரி பகல் கிடையாது. பெரியவரும் மனைவியும் மாடியில் படுத்திருப்பார்கள். கீழே 'உர்ர்ர்' என்று பம்பு. ஒரு நிமிடம் நிற்கும். மறுபடி 'உர்ர்ர்'. நின்ற அந்த ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாக நீண்டால் இருவருக்கும் தூக்கம் கலைந்துவிடும். தண்ணீர் வடிந்ததா, மோட்டார் போய்விட்டதா? யாராவது ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

தண்ணீர் எப்படியும் வரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு வீட்டை அதற்குத் தயார் செய்பவர்களும் உண்டு. இதுதான் உள்ளதில் புத்திசாலித்தனமான வழி என்று தோன்றுகிறது. தரையில் கம்பளத்துக்குப் பதில் கல். ஜிப்சம் பலகைச் சுவருக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு, நனைந்தாலும் காய்ந்துவிடும். பிளக் பாயின்ட்டுகளை இடுப்புக்கு மேலே ஏற்றி, ஒயர்களைக் கூரையிலிருந்து கீழே இறக்குவது. மரத்தூள் அட்டையில் செய்த சமையலறை அலமாரிகளை எடுத்துவிட்டு ஸ்டீலோ நல்ல மரமோ போடுவது. தண்ணீர் வந்தால் நிற்கட்டும். போனபின் கழுவித் துடைத்துவிட்டு வாழ்க்கையைத் தொடரலாம். அந்தப் பழைய வீட்டைக் கட்டியவர்கள் கல்லும் சுண்ணாம்பும் வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். நடுவில் வந்தவர்கள்தான் கம்பளமும் அட்டைப் பலகையும் ஒட்டி 'நவீனம்' ஆக்கினார்கள்.

இதுவரை சொன்னது சுத்தமான தண்ணீர். சுண்ணாம்புப் பாறை வடிகட்டிக் கொடுத்த, பத்துப் பதினோரு டிகிரிக் குளிர்ச்சியில் இருக்கும் தெளிந்த தண்ணீர். இதே தண்ணீரைத்தான் தென் இங்கிலாந்தின் பல ஊர்களில் குடிக்கிறார்கள். அது சுத்தமாகவே இருந்துவிட்டால் பாதிக் கஷ்டம் இல்லை. ஆனால் சாலைக்கு அடியில் சாக்கடைக் குழாய்களும் போகின்றனவே! பழைய குழாய்கள், இணைப்புகளில் விரிசல். நிலத்தடி நீர் குழாயைவிட மேலே ஏறியதும் அந்த விரிசல் வழியாக உள்ளே புகுந்து குழாயை நிரப்பிவிடுகிறது. அப்புறம் வீடுகளிலிருந்து போகும் கழிவுக்கு இடமேது? மூடியைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வருகிறது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் கீழே போகாமல் மேலே வருகிறது. வீட்டுத் தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லாத, மேட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கும் இந்தத் தொல்லை உண்டு. லாம்போர்ன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் கழிவுநீரை உறிஞ்சி எடுத்துப் போக டேங்கர் லாரிகள் வாரக்கணக்கில் வந்து போயிருக்கின்றன. குறுகலான கிராமத்துச் சாலையில் ராத்திரி முழுக்க லாரிச் சத்தம். வயதான காலத்தில் ராத்திரி எழுந்து தெருவில் வைத்திருக்கும் தற்காலிகக் கழிப்பறைக்குக் குளிரில் நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். வெள்ளச் செய்திகளில் படகையும் ஹெலிகாப்டரையும் காட்டுவார்கள். இதையெல்லாம் யார் காட்டப்போகிறார்கள்?

இதற்கு மருந்து, குழாய்களுக்குள் பிசின் தடவிய ஒரு உறையை நுழைத்து ஊதிக் கெட்டிப்படுத்தி, குழாய்க்குள் குழாயாக ஆக்குவது. சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடத்தில் அடைத்தால் தண்ணீர் அடுத்த விரிசலைத் தேடிப் போகும். பொதுக் குழாயை முழுக்கச் சரி செய்தாலும், வீட்டிலிருந்து அதற்கு வரும் கிளைக் குழாயில் விரிசல் இருந்தால் கதை முடிந்தது.

பணம்? இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இதில் ஒரு சுவாரஸ்யமான வழக்கு உண்டு. ஒருவருடைய வீட்டில் தரைக்கு அடியில் இருந்த ஊற்றிலிருந்து தண்ணீர் கசிந்து, கீழ்த்தளக் கழிப்பறையில் மூன்று அங்குலம் நின்றது. அவருடைய பாலிசியில் 'புயல், சூறாவளி அல்லது வெள்ளம்' என்றிருந்தது. வெள்ளம் வந்துவிட்டது, பணம் கொடுங்கள் என்றார். 1976-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. புயல், சூறாவளி என்ற வார்த்தைகளின் பக்கத்தில் நிற்கும் 'வெள்ளம்' என்ற வார்த்தைக்கு ஒரு வேகமும் அசாதாரணமும் இருக்க வேண்டும். மெதுவாகக் கசிந்து நிற்பது வெள்ளமல்ல என்று தீர்ப்பு. தண்ணீர் மரியாதையாக, சத்தம் போடாமல் வந்தது குற்றமாகிவிட்டது! பிற்காலத் தீர்ப்புகள் இவ்வளவு கறாராக இல்லை. ஆனாலும் 'நிலத்தடி நீர்மட்டம் உயர்வதால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பாலிசிகள் உண்டு. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

2016 ஏப்ரலில் 'ஃப்ளட் ரீ' என்ற ஏற்பாடு வந்தது. வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் பிரீமியத்தில் இன்ஷூரன்ஸ் கிடைப்பதற்காக, எல்லா வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமும் வரி மாதிரி வசூலித்து நடத்துவது. 2022-லிருந்து, சேர்ந்திருக்கும் கம்பெனிகளில், வெள்ளம் வந்த வீட்டை அடுத்த தடவை தாங்கும்படி திருத்திக் கட்ட 10,000 பவுண்டு வரை கூடுதலாகக் கொடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் 2009 ஜனவரி 1-க்குப் பின் கட்டிய வீடுகளுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. முழு ஏற்பாடும் 2039 வரைதான். அதற்குள் வீடுகளையும் ஊர்களையும் சரிசெய்துகொள்ளுங்கள் என்கிறார்கள்.

ஊரைச் சரிசெய்வது யார் வேலை? ரொம்ப காலம் வரைக்கும் இதற்குப் பதிலே கிடையாது. ஆறு என்றால் ஒரு துறை, கடல் என்றால் ஒரு துறை, சாக்கடை என்றால் ஒரு கம்பெனி. தரைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர் யாருடைய பிள்ளை? ஒவ்வொருவரும் பக்கத்து மேஜையைக் காட்டினார்கள். (எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?) 2007 கோடை வெள்ளத்துக்குப் பிறகு சர் மைக்கேல் பிட் தலைமையில் ஆராய்ந்து 2008-ல் அறிக்கை வந்தது. அதன்பின் 2010-ல் ஒரு சட்டம் போட்டு, நிலத்தடி நீர் வெள்ளத்தை மாவட்டக் கவுன்சில்களின் பொறுப்பில் விட்டார்கள். ஹாம்பிள்டனில் 2014-க்குப் பிறகு ஹாம்ப்ஷயர் கவுன்சில் சாலைக்கு அடியில் ஒரு பெரிய குழாயைப் பதித்தது. மேலே வரும் நிலத்தடி நீரைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும் குழாய். பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கவேண்டிய ஆற்றை, நூற்றாண்டுகள் கழித்து, குழாயாகச் செய்து சாலைக்கு அடியில் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எல்லா ஊருக்கும் இப்படிக் குழாய் கிடைக்காது. நாற்பது வீடு உள்ள ஊரில் கோடிக்கணக்கில் செலவழிக்கக் கணக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவார்கள். கணக்குப் போடுகிறவருக்கு அது நியாயம்தான். நாற்பதில் ஒரு வீட்டில் இருப்பவருக்கு அது என்ன ஆறுதல்? அப்படிப்பட்ட ஊர்களில் ஜனங்களே வெள்ளக்குழு அமைத்துக்கொள்கிறார்கள். லாம்போர்ன், பாங் பள்ளத்தாக்குகளில் இருக்கும் குழுக்கள் இந்த வகை. இலையுதிர்காலத்தில் கூடி வாய்க்காலைத் தூர்வாருவது, சாலைக்குக் குறுக்கே போகும் மதகில் அடைப்பு எடுப்பது, யார் வீட்டில் உபரி மோட்டார் இருக்கிறது, எந்த வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர் இருக்கிறார் என்று குறித்துவைத்துக்கொள்வது.

இந்த வெள்ளத்தில் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. மெதுவாக வருகிறது. ஆற்று வெள்ளத்துக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். இதற்கு வாரக்கணக்கில் கிடைக்கும். மேட்டு நிலத்தில் இருக்கும் ஆழ்துளைக் கிணறுகளின் மட்டத்தைச் சுற்றுச்சூழல் முகமை அளந்து வெளியிடுகிறது. இந்தக் கிணறு இத்தனை மீட்டரைத் தாண்டினால் அந்த ஊரில் நிலவறைகளில் தண்ணீர் வரும், இன்னும் இத்தனை ஏறினால் சாலைக்கு வரும் என்று அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களில் சிலர் தங்கள் வீட்டுப் பழைய கிணற்றிலேயே கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். முன்னூறு மைலுக்கு அப்பால் உருவாகும் புயலைவிட, தோட்டத்து மூலையில் இருக்கும் அந்தக் கிணறு அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

தண்ணீர் இறங்கும்போதும் அதே மெதுவான நடைதான். ஏப்ரலில் மரங்கள் துளிர்த்து, வேர்கள் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். நோட்டில் எண்கள் ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறையும். தரைக்கல்லின் மேல் இருந்த தண்ணீர் போகும், பிறகு இடுக்குகளில் இருந்த ஈரம் போகும். ஆனால் சுவர் காய மாதங்களாகும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வைத்து, அதன் தொட்டியைத் தினம் இரண்டு தடவை காலி செய்துகொண்டிருப்பார்கள். ஒருநாள் பம்பு நிற்கும். பெரியவர் டார்ச்சோடு இறங்கிப் பார்ப்பார். குழியில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. மோட்டாரை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி அதே குழியிலேயே இறக்கி வைப்பார். அக்டோபருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.